சாய்வெளிச்சத்தில் பார்த்தால் பாகற்காயும் பதக்கம்தான்

சுடுமண் நகை செய்கிறவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி, "புது டிசைனுக்கு எங்கே போவது?" என்பது. கைபேசியில் தேடினால் ஆயிரம் படம் வரும். ஆனால் அதே படத்தை இன்னும் ஆயிரம் பேரும் பார்த்துச் செய்துகொண்டிருப்பார்கள். வீட்டைச் சுற்றிக் கிடப்பதிலிருந்து எடுப்பதுதான் நல்லது. என்ன ஒன்று, வீட்டில் இருக்கும் அழகெல்லாம் மண்ணுக்கு ஆகாது.

மண்ணுக்கு நிறம் தெரியாது. மேடு, பள்ளம், ஓரம், இந்த மூன்றுதான் தெரியும். பட்டாம்பூச்சி இறகின் அழகு முழுக்க நிறத்தில் இருக்கிறது, மண்ணில் அழுத்தினால் ஒன்றுமே மிஞ்சாது. பட்டுச்சேலை ஜரிகையும் அப்படித்தான். கண்ணைப் பறிக்கும், தடவிப் பார்த்தால் மேடே இருக்காது. ஆகவே ஒரு பொருள் உதவுமா உதவாதா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை: இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, பொருளை மேசைமேல் வைத்து, கைபேசி டார்ச்சை மேசையோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நிழல் விழுந்து வடிவம் தெரிந்தால் மண் அதை வாங்கிக்கொள்ளும். தெரியாவிட்டால் அது பெயின்டுக்கான விஷயம், அச்சுக்கானது அல்ல.

இந்தச் சோதனையில் தேறுவது என்னென்ன என்று பார்த்தால் சிரிப்பு வரும். பாகற்காய், சீத்தாப்பழத் தோல், பலாத்தோல், கொய்யா இலையின் அடிப்பக்கம், தென்னம்பன்னாடை, கோரைப்பாய், கொலுசு, பித்தளைச் செம்பின் கழுத்து, ரப்பர் செருப்பின் அடி, ஸ்க்ரூவின் மரை. பன்னாடைக்குத்தான் என் முதல் மார்க். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்த நார் மண்ணில் பதிந்தால் கையால் நெய்த துணி மாதிரி இருக்கும், எந்த இரண்டு அங்குலமும் ஒன்றுபோல இராது. தேறாததில் முக்கியமானது கறிவேப்பிலை. நரம்பு மெல்லியது, ஓரம் மட்டும்தான் விழும். வேப்பிலையும் கொஞ்சம் ஏமாற்றும். அதன் பல்போன்ற ஓரத்தை வெட்டி எடுத்துக்கொள்ளலாம், நரம்பை நம்ப வேண்டாம்.

கண்ணில் பட்டதைப் போட்டோ எடுத்து வைப்பது எல்லோரும் செய்வது. அதில் பெரிய ஓட்டை ஒன்று: அளவு தெரியாது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்தப் புள்ளி 2 மி.மீ.யா 6 மி.மீ.யா என்று நினைவிருக்காது. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ., பிறகு எதையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். அதைவிட நல்ல வழி பென்சில் தேய்ப்பு. பொருள்மேல் மெல்லிய தாளைப் போட்டு அசையாமல் பிடித்து, 4பி அல்லது 6பி போன்ற மென்மையான பென்சிலின் பக்கவாட்டால் தேய்த்தால் மேடெல்லாம் கறுப்பாக, அசல் அளவிலேயே விழும். தேய்ப்பில் தெளிவாக விழுந்தது மண்ணிலும் விழும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அதற்கும் மேலே, மண்ணிலேயே மாதிரி வில்லை போட்டு வைப்பது. 40 மி.மீ.க்கு 40 மி.மீ., கனம் 5 மி.மீ., மூலையில் தொங்கவிட ஒரு துளை. முன்பக்கம் பதிவு, பின்பக்கம் ஈர்க்குச்சியால் எழுத வேண்டியது: எதிலிருந்து எடுத்தது, எந்த மண், தேதி. வாரத்துக்கு ஐந்து போட்டால் இரண்டு மாதத்தில் நாற்பது வில்லை சேரும். ஒரு பதக்கம் செய்ய உட்காரும்போது படத்தைப் பார்ப்பதைவிட இந்த வில்லைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்ப்பது நூறு மடங்கு மேல். எதோடு எது சேரும் என்று கையே சொல்லும். சுட்ட வில்லைக்கு இன்னொரு பயனும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது மண். கடையில் கிடைக்கும் பாக்கெட் மண் என்றால் வேலை பாதி முடிந்தது. குளத்து மண் என்றால் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, கூழாகக் கரைத்து, பழைய வேட்டித்துணியில் வடிகட்ட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. கிளிஞ்சல் துணுக்கோ சுண்ணாம்புக் கல்லோ உள்ளே போய்விட்டால், சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். நகை வெளியே வரும்போது நன்றாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து, வாங்கியவர் கையில் இருக்கும்போது, மேற்பரப்பு சில்லாகப் பெயர்ந்து நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். அப்புறம் அதற்கு மருந்தே கிடையாது.

வடித்த மண்ணைத் துணிமேல் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் 10, 15 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். பென்சில் கனத்துக்குத் திரித்து விரலைச் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் சுற்றினால் சரி. பதிவு எடுக்க ஏற்ற பதம் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டி. இளக்கமாக இருந்தால் இழுத்துக்கொண்டு வரும், பதிவு மழுங்கும். இறுகிவிட்டால் ஓரமெல்லாம் பிளக்கும்.

தட்டையாக உருட்டும்போது இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கி, அதன்மேல் உருளை ஓடும்படி செய்தால் எங்கும் ஒரே கனம், கிட்டத்தட்ட 4 மி.மீ. கிடைக்கும். பதக்கத்துக்கு அது போதும். கம்மலுக்கு 3. கனம் ஏறியும் இறங்கியும் இருந்தால் காயும்போது மெல்லிய இடம் முந்திக்கொண்டு சுருங்கும், துண்டு வளைந்துவிடும்.

இலை பதிக்க: பறித்த இலையை ஈரம் துடைத்து, நரம்பு எழும்பிய அடிப்பக்கம் மண்ணைப் பார்க்க வைத்து, உருளையை ஒரே ஒரு முறை, காம்பிலிருந்து நுனிக்கு ஓட்டுங்கள். போன உருளை திரும்பி வந்தால் இலை நகர்ந்து நரம்பு இரட்டையாக விழும். எடுக்கும்போது காம்பைப் பிடித்து மெல்ல உரிக்க வேண்டும். அரசிலை, கொய்யா, பலா, மூன்றும் நன்றாக விழும். காய்ந்த இலை நொறுங்கி மண்ணுக்குள் மாட்டிக்கொள்ளும். துணுக்கு தங்கிவிட்டால் தோண்டாதீர்கள், சூளையில் எரிந்து போய்விடும்.

கொலுசு, பித்தளை போன்ற உலோகத்தை அழுத்தும்போது ஒட்டாமல் இருக்க, பஞ்சில் தொட்ட ஒரு சொட்டு தேங்காயெண்ணெய், அல்லது மெல்லிய துணியில் கட்டிய சோளமாவைத் தட்டிவிடலாம். இரண்டும் நெருப்பில் எரிந்துவிடும். முகப்பவுடர் வேண்டாம். அது கல்பொடி, எரியாது. பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கிவிடும். பதிவின் ஆழம் 1 மி.மீ. அளவுக்கு இருந்தால் போதும். 4 மி.மீ. துண்டில் 2 மி.மீ. ஆழம் போனால் அந்தக் கோட்டிலேயே ஒரு நாள் உடையும்.

கயிற்றை மண்ணில் அழுத்துவது மனிதர்களின் மிகப் பழைய யோசனைகளில் ஒன்று. ஜப்பானின் ஜோமோன் காலத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான், ஜோமோன் என்றால் கயிற்றுத் தடம். 1877இல் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ் தோக்கியோ பக்கத்து ஓமோரியில் தோண்டியெடுத்த பானை ஓடுகளில் கண்ட தடம் அது. நம் பக்கம் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த ரூலெட் பாண்டங்களில், தட்டின் உள்ளடியில் வட்டம் வட்டமாகப் பொடிப்பொடி வெட்டுகள் ஓடும். பழைய அலாரம் கடிகாரத்தின் பல்சக்கரத்தை ஒரு கம்பியில் கோத்து ஈர மண்ணில் உருட்டிப் பாருங்கள், அதற்கு வெகு அருகில் ஒரு வரிசை கிடைக்கும். தேங்காய்நார்க் கயிற்றை ஒரு பென்சிலில் இறுக்கிச் சுற்றி உருட்டினால் ஜோமோன்.

பாகற்காய்க்கு வருவோம். நேராக மண்ணில் உருட்டினால் கிடைப்பது குழி. நமக்குப் பிடித்ததோ அதன் மொட்டு மொட்டான மேடு. ஆகவே இரண்டு தடவை வேலை. முதலில் பாகற்காயை நன்றாகத் துடைத்து 8 மி.மீ. கனத் துண்டில் ஒரு பக்கமாக அழுத்தி உருட்டி, அந்தத் துண்டைக் காயவைத்துச் சுட்டுவிடுங்கள். அது அச்சு. பிறகு அதில் புது மண்ணை அழுத்தினால் மேடு கிடைக்கும். மேலே சொன்ன மாதிரி வில்லைகளின் இரண்டாவது பயன் இதுதான், சுட்ட வில்லை ஒவ்வொன்றும் ஓர் எதிர் அச்சு. சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் புது மண் அதில் ஒட்டாமல் சில நிமிடத்தில் தானே விட்டுவரும்.

ஆனால் கணக்கு மாறும். மண் சுருங்குவது தெரியும், எவ்வளவு என்று அளந்தவர்கள் குறைவு. ஒரு பட்டையில் சரியாக 100 மி.மீ. கோடு கீறி, காயவைத்துச் சுட்டு அளந்து பாருங்கள். 91 மி.மீ. இருந்தால் உங்கள் மண்ணின் சுருக்கம் 9 சதவீதம். சுட்டபின் 30 மி.மீ. பதக்கம் வேண்டுமென்றால் 30ஐ 0.91ஆல் வகுத்து, 33 மி.மீ.க்கு வெட்ட வேண்டும். அச்சு வழியாகப் போனால் சுருக்கம் இரண்டு முறை: 0.91 பெருக்கல் 0.91, அதாவது 0.83. பாகற்காயில் 12 மி.மீ. நீளமாக இருந்த மொட்டு நகையில் 10 மி.மீ.க்கு வந்துவிடும். இது பெரும்பாலும் நல்லதே. காய்கறியின் அளவு காதுக்குப் பெரிது. இரண்டு முறை சுருங்கும்போது நகையின் அளவுக்குத் தானாக வருகிறது. சீத்தாப்பழத் தோலுக்கு மூன்று முறைகூட அச்செடுக்கலாம். ஒவ்வொரு முறையும் குழியும் மேடும் இடம் மாறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

முறுக்கு அச்சைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. நட்சத்திரத் துளை வில்லையில் பிழிந்த திரியை இரு கையால் எதிரெதிராக முறுக்கினால் அருமையான திருகுக்கயிறு கிடைக்கும், பதக்கத்தின் ஓரத்துக்கும் வளையலுக்கும். தேன்குழல் வில்லையில் ஒரே கனமான மூன்று திரி வரும், அதைச் சடை பின்னலாம். சிக்கல் எங்கே வருமென்றால், பிழிய மண் இளகியிருக்க வேண்டும். இளகிய மண்ணில் தண்ணீர் அதிகம், சுருக்கமும் அதிகம். அதைக் கொஞ்சம் காய்ந்த பதக்கத்தில் ஒட்டினால் திரி மட்டும் சுருங்கி, ஒட்டில் விரிசல் விடும் அல்லது வட்டமாக ஒட்டிய திரி ஓரிடத்தில் அறுந்து வாய் திறக்கும். பிழிந்த திரியை அரைமணி நேரம் துணிமேல் விட்டு இறுகவைத்து, இரண்டு பரப்பையும் ஊசியால் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டுங்கள். மண்ணுக்குப் போன அச்சு மறுபடி தீபாவளிக்கு வரக்கூடாது. தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

கோலம் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, அதிகம் பேர் தோற்பதும் அதில்தான். வாசலில் கோலம் அழகாக இருப்பதற்கு அதன் பரப்பு ஒரு காரணம். 33 மி.மீ. ஈர வட்டத்தில் ஓரத்துக்கு இரு பக்கமும் 3 மி.மீ. விட்டால் மிச்சம் 27. நேர்ப்புள்ளி 1, 3, 5, 3, 1 வைத்த சிக்குக்கோலத்தில், புள்ளிக்குப் புள்ளி 5 மி.மீ. என்றால் நடுவரிசை 20 மி.மீ., வெளியே சுற்றும் வளைவுக்குப் பக்கத்துக்கு 2.5. மொத்தம் 25, அழகாக உட்காரும். ஆசைப்பட்டு 7 புள்ளி வைத்தால் இடைவெளி 3.8 மி.மீ.க்கு இறங்கும். கோட்டின் அகலம் 1 மி.மீ.; கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் நிற்கும் மண்சுவர் காகிதம் போல மெலிந்து, கீறும்போதே சரிந்துவிடும். பெரிய கோலத்திலிருந்து ஒரு மூலையை, ஒரே ஒரு சுழியை எடுத்துப் பெரிதாகப் போடுவது இன்னும் நல்லது.

கோலத்தைக் கைபோக்கில் கீறாமல், பட்டர் பேப்பரில் வரைந்து, மண்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மேலோட்டமாக ஓட்டி, பிறகு தாளை எடுத்துவிட்டு அந்தத் தடத்தைக் கீறி ஆழப்படுத்துங்கள். இதற்கு மண் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்க வேண்டும்: விரல்நகம் பதியும், விரல் ஒட்டாது, அந்தப் பதம். ஈரத்தில் கீறினால் கோட்டின் இரு கரையிலும் பிசிறு எழும்பும். எழும்பினால் அப்போதே தடவிவிடாமல், முழுக்கக் காய்ந்தபின் காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

மேற்பரப்பை விட்டுவிட்டு வெறும் உருவரையை மட்டும் எடுப்பது இன்னொரு வழி. குத்துவிளக்கின் தண்டைப் பாருங்கள்: தட்டு, குமிழ், கழுத்து, மறுபடி குமிழ். அதையே மணிகளாகப் பிரித்து 10, 6, 8 மி.மீ. என்று ஒரு கம்பியில் கோத்தால் நீளத் தொங்கட்டான். மணியில் துளையை ஊதுபத்திக் குச்சியால் போடலாம். ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் நுனி தெரிந்ததும் வெளியே எடுத்து எதிர்ப்பக்கமிருந்து குத்தினால் ஓரம் பிய்யாது. ஊமத்தம்பூவும் பூசணிப்பூவும் கவிழ்த்தால் ஜிமிக்கி. பழைய நகைப் பத்தர்கள் இதைத்தான் செய்தார்கள்: மாங்காய் மாலை, கோதுமைச் சங்கிலி, காசு மாலை என்று நகைப் பெயரெல்லாம் தோட்டத்தையும் வயலையும் மடிப்பையையும் சுற்றியே இருக்கின்றன. பாம்படம் மட்டும் உருண்டை, கட்டை, தகடு என்று வெறும் கணித வடிவங்களிலேயே நிற்கும். அந்தத் துணிச்சல் இன்றைய நகைகளில் குறைவு.

ஜிமிக்கிக் கூட்டுக்குக் கோலிக்குண்டின் மேல் 2.5 மி.மீ. மண்ணைப் போர்த்தலாம், பெரிதுக்குப் பாதியாக வெட்டிய டேபிள் டென்னிஸ் பந்து. நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அவசியம். அரைமணி நேரத்துக்குள் கழற்றிவிட வேண்டும். மண் சுருங்கும், குண்டு சுருங்காது. மறந்து ராத்திரி முழுக்க விட்டால் காலையில் கூடு உச்சியிலிருந்து அடிவரை பிளந்திருக்கும்.

எடையைச் செய்யும் முன்பே கணக்கிடுங்கள். சுட்ட மண் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிராம். 30 மி.மீ. விட்டம், 4 மி.மீ. கன வட்டு சுமார் 5 கிராம், காதில் இருப்பதே தெரியாது. 45 மி.மீ., 5 மி.மீ. கனம் என்றால் 14 கிராம். மாலைக்குள் காது இழுத்துவிடும். பெரிதாக வேண்டுமானால் நடுவை வெட்டியெடுங்கள். சல்லடை, ஜன்னல் கிராதி, சாரக்கட்டு என்று ஓட்டை உள்ள பொருள்களைத் தேட இது நல்ல சாக்கு.

ஒரு நகையில் ஒரு பதிவுதான். பன்னாடையும் இலையும் கோலமும் ஒரே பதக்கத்தில் வந்தால் மூன்றும் தெரியாது. பக்கத்தில் வழவழப்பான வெற்றிடம் இருந்தால்தான் பதிவு பேசும்.

காயவைப்பது நிழலில், 3 முதல் 5 நாள், காகிதத்தின் மேல், நாளுக்கு ஒரு முறை திருப்பிப் போட்டு. மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் ஓரம் எழும்பி அப்பளமாகிவிடும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படியே சூளைக்குப் போனால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் துண்டை உடைத்தெறியும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து.

மின்சூளை இருந்தால் முதல் இரண்டு மணி நேரம் 120 டிகிரி செல்சியஸுக்குள், பிறகு 600 வரை மணிக்கு 100, அதன்பின் 850, 900. அங்கே அரைமணி நிறுத்தி, அணைத்து, 100க்குக் கீழே வரும்வரை திறக்கக்கூடாது. 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறும்; ஏறும்போதும் இறங்கும்போதும் அவசரப்பட்டால் மயிரிழை விரிசல் அங்கேதான் விழும். சூளை இல்லாதவர்கள் வெட்டவெளியில், சுற்றிலும் துளையிட்ட இரும்பு வாளியில் மூன்று அங்குலம் உமி, நடுவில் துண்டுகள் வைத்த மண்சட்டி, சுற்றி வறட்டியும் கரியும், மேலே மறுபடி உமி என்று மூடி மேலிருந்து பற்றவைக்கலாம். உமி கனன்று மெதுவாக எரிவதால் சூடும் மெதுவாக ஏறும். சட்டிக்குள்ளும் உமி போட்டு மூடினால் காற்றில்லாமல் நகை கருப்பாகும். காற்றுப் போக வழி விட்டால் சிவக்கும். கீழடி, ஆதிச்சநல்லூர் கருப்பு-சிவப்புப் பாண்டங்களும் இதே சூட்சுமம்தான். வெந்ததா என்று பார்க்க இரண்டு துண்டை மெல்லத் தட்டுங்கள். கிண்ணென்றால் வெந்தது. டொக்கென்றால் ஒன்றை மட்டும் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், வேகாதது ஓரம் கரைய ஆரம்பித்துவிடும். மறுபடி சுடலாம்.

கடைசியில் பெயின்ட். இவ்வளவு பாடுபட்டு எடுத்த பதிவை இரண்டு கெட்டிப் பூச்சில் மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். கோரைப்பாய்ப் பதிவின் பள்ளம் அரை மி.மீ.கூட இருக்காது, ஒரே பூச்சில் நிரம்பிவிடும். அதற்கு ஒரு பங்கு கருப்பு அக்ரிலிக்கில் ஆறு பங்கு தண்ணீர் கலந்து தடவி, உடனே ஈரத்துணியால் மேலே மட்டும் துடைத்தால் பள்ளத்தில் கருப்பும் மேட்டில் செம்மண்ணும் நிற்கும். தங்க நிறம் வேண்டுமென்றால் பிரஷ்ஷில் தொட்டதைக் காகிதத்தில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, மேட்டின் உச்சிகளை மட்டும் உரசுங்கள். பாகற்காய்ப் பதக்கத்துக்கு இது போதும், வேறு எதுவும் வேண்டாம்.

சுடாத வில்லைகளில் பிடிக்காதது இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். முழுக்கக் காய்ந்தபின் உடைத்து வாளித் தண்ணீரில் போடுங்கள். அரைகுறை ஈரத்தில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும், காய்ந்ததுதான் மளமளவென்று கரையும்.